மலைமேல் தனிப் பங்களாவில் மூன்று நாள்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலைநாட்டில் ஓகியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் நாங்கள் முதன்முதலாகத் தங்கிய இரவு, அம்மா தலைமாட்டில் வைத்திருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் விடியும்போது வெள்ளைக் கல்லாகிக் கிடந்தது. கல்லடியில் மார்கழி மாதத்தில் எண்ணெய் கலங்கிப் பார்த்திருக்கிறார், கல்லானதைப் பார்த்ததில்லை. "எண்ணெய் பழுதாப் போச்சு மனே" என்று கொட்டப் போனார். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும் என்று சொல்லி, அதை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் அதைச் சொன்ன நானே இரவு முழுக்க ஒரு சாரத்தையும் மெல்லிய பெட்ஷீட்டையும் சுற்றிக்கொண்டு நடுங்கியவன்தான்.

மலைக்குப் போவதென்றால் நாம் எதைப் பார்க்கலாம், எங்கே படம் எடுக்கலாம் என்றுதான் யோசிக்கிறோம். பயணம் கெடுவது அதிலல்ல. பங்களா வாசலுக்குப் போகும் கடைசி ஐந்து கிலோமீட்டரிலும், இரவு எட்டு மணியிலிருந்து விடியும்வரையுள்ள நேரத்திலும்தான் கெடுகிறது. இந்த இரண்டையும் சரிக்கட்டிவிட்டால் மற்றதை மலை பார்த்துக்கொள்ளும். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டைப் பற்றியதுதான்.

முதலில் மாதம், பிறகு மலை

ஆனி, ஆடியில் நம்மை வறுத்தெடுக்கிற கச்சான் காற்று எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகிறது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழை ஊற்றும் அந்த நாட்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஆகவே ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் போகிறவர்கள் ஊவாப் பக்கத்தை எடுங்கள். காற்று மட்டும் பலமாக இருக்கும். ஹப்புத்தளை மலைவிளிம்பில் உள்ள ஊர் என்பதால் அங்கே இரவில் ஜன்னல் கொளுக்கியை இறுக்கிக் கட்டாவிட்டால் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

மார்கழி, தையில் கதை மாறும். நமக்கு வெள்ளம் கொண்டுவரும் அதே வடகீழ் பருவ முகில்தான் லுணுகலை, பசறை, நமுனுகுல மலைகளின் கிழக்குச் சரிவிலும் கொட்டுகிறது. "இங்க மழை, மலைக்குப் போய் இருந்திட்டு வருவம்" என்று டிசம்பர் விடுமுறையில் பதுளைக்குக் கிளம்புகிறவர்கள் மழையை விட்டு ஓடவில்லை, மழையோடு சேர்ந்து போகிறார்கள். நானும் ஒருமுறை போனேன். மூன்று நாளும் பங்களாவின் கண்ணாடி வழியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பெப்ரவரி நடுப்பகுதி தொடக்கம் மார்ச் முடியும்வரை எல்லாப் பக்கத்துக்கும் நல்ல காலம். சித்திரை நெருங்கும்போது பிற்பகலில் இடி மின்னலோடு மழை வரும். காலையில் வெளியே சுற்றிவிட்டு இரண்டு மணிக்குள் பங்களாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு அதனால் தொந்தரவில்லை.

மண்சரிவை மட்டும் இலேசாக எடுக்கவேண்டாம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவின் பெயரை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். மஞ்சள் வந்தாலே நான் பயணத்தைத் தள்ளிவைப்பேன். முற்பணம் போனால் போகட்டும்.

எப்படிப்பட்ட இடம்

தனிமையான மலைவிடுதி என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் நான்கு வகை. ஒன்று, பழைய தோட்டத்துப் பங்களா. தொரைமார் இருந்த வீடு. உயரமான கூரை, கணப்படுப்பு, சமையல்காரர் எல்லாம் இருக்கும், காசும் அதற்கேற்ப இருக்கும். இரண்டு, அரச திணைக்களங்களின் பங்களாக்கள். ஹோட்டன் சமவெளிக்குள்ளேயே மகாஎலிய, கினிஹிரிய என்ற பங்களாக்கள் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உண்டு. சமைத்துத் தர ஆள் இருப்பார்; அரிசி முதல் உப்புவரை நாம்தான் கொண்டுபோகவேண்டும். மூன்று, தனியார் கட்டிய சிறு விடுதிகளும் கூடாரங்களும். நான்காவது சேர்கிட் பங்களா, அதாவது திணைக்களங்கள் தம் உத்தியோகத்தர்கள் தங்குவதற்கென்று வைத்திருப்பது. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆசிரியராவது அரச உத்தியோகத்தராவது இருப்பார். அவருடைய திணைக்களத்துக்கு மலைநாட்டில் பங்களா இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கட்டில் பழையதாக இருக்கும், காசு மிச்சம்.

ஹப்புத்தளைக்கு அருகே 1931இல் கட்டிய அதிசம் பங்களா இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அமைதி வேண்டுமென்றால் அது நல்ல இடம். சத்தம் போடுகிற பிள்ளைகளோடு போகவேண்டாம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு: 1,200 முதல் 1,500 மீட்டர் உயரத்தில், சமையல்காரர் உள்ள இடம். 2,000 மீட்டருக்கு மேலே அடுத்த தடவை போகலாம். குடும்பிமலையையே பெரிய மலையாகப் பார்த்த கண்ணுக்கும் உடம்புக்கும் ஒரேயடியாக அந்தக் குளிர் கூடாது.

பணம் போடும் முன் கேட்கவேண்டியவை

இந்தப் படியில்தான் நான் ஏமாந்தேன். ஒரு விடுதிக்காரர் போனில் "ரோட் நல்லம்" என்றார். நல்லதுதான், பிரதான வீதிவரை. அதன் பிறகு தேயிலைக்குள்ளே கல்லுப் போட்ட பாதை நாலரைக் கிலோமீட்டர். எங்கள் வேன் இரண்டாவது வளைவிலேயே அடி தட்டி நின்றுவிட்டது. மழை, இருட்டு, மடியில் மருமகள். கொழுந்து ஏற்றும் லொறி ஒன்று வந்து, அதன் பின்பக்கத்தில் கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே ஏறித்தான் போய்ச் சேர்ந்தோம். மருமகளுக்கு அதுதான் பயணத்திலேயே பிடித்த இடம். அவளைத் தவிர யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆகவே "பாதை எப்படி" என்று கேட்காதீர்கள். "நேற்று அந்த வாசலுக்கு என்ன வாகனம் வந்தது" என்று கேளுங்கள். கார் வந்ததா, ஓட்டோ மட்டுமா, ஜீப்பா? மழை பெய்தால் அதே வாகனம் ஏறுமா? ஏறாதென்றால் கீழே எங்கே நிறுத்துவது, இரவில் யார் பார்த்துக்கொள்வார்கள், மேலே கொண்டுபோகிற ஜீப்புக்கு எவ்வளவு? ஜீப் வாடகையைச் சேர்த்துப் பார்த்தால் மலிவான விடுதி மலிவாக இருக்காது.

அடுத்தது கம்பளி. ஆளுக்கு எத்தனை என்று கேளுங்கள். ஒன்று என்றால் போதாது. சுடுதண்ணீர் மின்சாரத்திலா, விறகிலா, சூரிய சக்தியிலா? சூரிய சக்தி என்றால் மூடுபனி நாளில் பச்சைத்தண்ணீர்தான். கரன்ட் போனால் என்ன செய்வார்கள்? போன் சிக்னல் எந்தக் கம்பனிக்கு எடுக்கும்? பல பங்களாக்களில் முற்றத்தின் ஒரு மூலையில் மட்டும் இரண்டு கோடு வரும். அந்த மூலையை அங்குள்ளவர்கள் காட்டுவார்கள்.

சாப்பாடும் முக்கியம். ஹலால் பார்க்கிறவர்கள், காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து வாசகர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: அங்கே ஹலாலாகச் சமைப்பதில்லை, வாங்குவதற்குப் பக்கத்தில் கடையும் இல்லை என்று அங்கே போய்த் தெரிந்துகொள்வதில் பயனில்லை. ஊரிலேயே கோழியை அறுத்துத் துப்புரவாக்கி, உறையவைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் நன்றாகச் சாப்பிட்டார்கள். மரக்கறி மட்டும் உண்பவர்களும் கருவாடு, மாசி போடவேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். சம்பலில் மாசி போடுவது அங்கே கேட்காமலே நடக்கும்.

எல்லாம் பேசி முடிந்த பிறகு அதையே குறுஞ்செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்களின் அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், அது வழக்கம்தான்.

பாதை

மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்குச் செங்கலடிச் சந்தியில் திரும்பும் ஏ5 வீதிதான். கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. செங்கலடியிலிருந்து பதுளை 150 கிலோமீட்டருக்கு அருகே வரும். பிபிலைவரை சமதரைதான், அதன் பிறகே ஏற்றம். அம்பாறை, கல்முனைப் பக்கத்தவர்கள் சியம்பலாண்டுவ வழியாக மொனராகலைக்குப் போய், அங்கிருந்து பசறைக்கு ஏறலாம். அல்லது வெல்லவாயவுக்குப் போய் எல்லவுக்கு ஏறலாம். எல்ல ஏற்றத்தில் இராவணன் நீர்வீழ்ச்சி வீதியோரமே விழுகிறது. நிறுத்திப் பாருங்கள், வளைவில் நிறுத்தாதீர்கள்.

புல்லுமலைக்கும் பதியத்தலாவைக்கும் இடையே யானை வரும். பொழுது நன்றாக வெளுத்த பிறகே அந்தத் துண்டைக் கடக்கவேண்டும். காலை ஐந்தரைக்கு நகரத்தில் வெளிக்கிட்டால் கணக்குச் சரியாக இருக்கும். மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன; போகும்போது இறங்கினால் நேரம் போய்விடும், திரும்பும்போது பார்க்கலாம். பிபிலையில் தோடம்பழம் கிடைக்கிற காலமாக இருந்தால் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். வளைவுகளில் தலைசுற்றுகிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல மருந்தை நான் காணவில்லை. ஏற்றத்தில் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் திறக்கும். கொண்டுபோன பொரியல் பக்கற்றுகள் பலூன் மாதிரி ஊதிப் போயிருக்கும். அது பழுதல்ல, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் உள்ளேயிருக்கும் காற்று விரிகிறது.

சொந்த வாகனம் இல்லாவிட்டால் பஸ்ஸில் பதுளைக்குப் போய், அங்கிருந்து ரயில் எடுங்கள். பதுளை நகரம் 700 மீட்டரைக்கூட எட்டாது, வெக்கை இருக்கும். ரயில் அங்கிருந்து தெமோதரையில் நிலையத்துக்குக் கீழேயே நுழைந்து, ஒரு வட்டமடித்து நிலையத்துக்கு வந்து, எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை, இதல்கசின்ன என்று ஏறி ஓகியாவில் 1,774 மீட்டரைத் தொடும். ஹப்புத்தளைவரை திறந்திருக்கும் ஜன்னல்கள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். நாளுக்குச் சில ரயில்கள்தான் ஓடுகின்றன, மழைக்காலத்தில் பாதையில் மண் விழுந்தால் அதுவும் நின்றுவிடும். முதல்நாள் நிலையத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.

பங்களாவுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேரவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நாலரைக்கு மூடுபனி இறங்கினால் பாதையின் விளிம்பு எங்கே என்று தெரியாது. கடைசிப் பெரிய ஊரிலேயே காசு எடுத்து, எரிபொருள் அடித்து, பாணும் முட்டையும் வாங்கி, போனுக்கு ரீலோட் போட்டுக்கொள்ளுங்கள். மேலே காட் இயந்திரம் இருக்கும் என்று நம்பவேண்டாம்.

பையில் என்ன

100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். ஓகியா உயரத்தில் நம் ஊரைவிடப் பத்துப் பதினொரு பாகை குறைவு. ஹோட்டன் சமவெளியில் அதைவிடவும் குறைவு. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் அங்கே புல்லில் உறைபனி படிவதும் உண்டு. அதற்குத் தடித்த ஒரு ஜக்கெட்டை நம்பாமல், மெல்லிய உடுப்புகளை மூன்று நான்கு அடுக்காகப் போடுங்கள். நடக்கும்போது ஒன்றைக் கழற்றலாம், நின்றால் போடலாம். தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மப்ளர், ஆளுக்கு மூன்று சோடி சொக்ஸ். ஒரு சோடி இரவில் படுக்க மட்டும், அதை வெளியே போடவே கூடாது. டெனிம் நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது. குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், மழைக் கோட்டே நல்லது.

டோர்ச் ஆளுக்கொன்று. பவர் பேங்க். பனடோல், ஜீவனி, சித்தாலேப. இழுப்பு உள்ளவர்கள் பம்பைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அந்தக் குளிர்காற்று நெஞ்சை இறுக்கும். அம்மாவைப் போல எண்ணெய் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் வாயகன்ற போத்தலில் கொண்டுபோங்கள், கரண்டியால் தோண்டி எடுக்கலாம்.

முதல் மாலையும் இரவும்

போனவுடன் பையை வைத்துவிட்டு வெளியே ஓடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே நான்கு வேலை இருக்கிறது: கம்பளியை எண்ணிப் பார்த்து, போதாவிட்டால் அப்போதே கேட்பது, சுடுதண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பது, அறைக் கதவு உள்ளேயிருந்து திறக்குமா என்று பார்ப்பது, பொறுப்பாளர் எங்கே படுக்கிறார், இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் எந்த வாகனம் வரும் என்று கேட்பது. அம்புலன்ஸுக்கு 1990தான். ஆனால் அந்தக் கல்லுப் பாதையில் அது ஏறி வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிசுக்கு 119. சிக்னல் வரும் மூலையை இருட்டு முன்பே கண்டுபிடித்துவிடுங்கள்.

குளிப்பதாக இருந்தால் நாலு மணிக்குள். இரவில் தலைமுழுகுவது நம் வெக்கைக்கு வந்த பழக்கம், அங்கே அதைச் செய்தால் இரவு முழுக்க நடுக்கம்தான்.

இனி ஒரு விடயம், இதைச் சத்தமாகவே சொல்கிறேன். குளிருக்கு என்று கரிச்சட்டியையோ இறைச்சி சுடும் அடுப்பையோ அறைக்குள் கொண்டுவந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். கரி அணைந்தது போலத் தெரிந்தாலும் நச்சு வாயு வந்துகொண்டேயிருக்கும். அதற்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். கணப்படுப்பு என்றால் பங்களா ஆளே மூட்டட்டும், புகைபோக்கி வேலை செய்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். படுக்கும் முன் நெருப்பு முழுதாக அணையவேண்டும். ஜன்னலில் ஒரு விரலளவு இடைவெளி எப்போதும் இருக்கட்டும்.

சூட்டுக்கு வேறு வழிகள் உண்டு. தடித்த போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக்கி மூடி, துவாயில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். கம்பளியை உடம்புக்கு மேலே போடுவதைப் போலவே மெத்தைக்கு மேலேயும் ஒன்றை விரியுங்கள். குளிர் கீழேயிருந்தும் ஏறும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஓகியாப் பங்களாவின் காவலாளி. "ஐயா, மேல நாலு போட்டு என்ன, கீழ ஒன்னு போடுங்க" என்றார். அன்றிரவுதான் நான் தூங்கினேன்.

பகல்கள்

மூன்று நாள் தங்கினால் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். இடம் பார்க்கத்தான் வேண்டுமென்றால் எல்லவில் ஒரு சாதாரண அறை போதும்; இவ்வளவு தூரம் ஏறி வந்தது திண்ணையில் கதிரையைப் போட்டு, பள்ளத்தாக்கில் முகில் வருவதையும் போவதையும் பார்ப்பதற்கு. காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை எல்லாம் துலக்கமாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு முகில் எழும்பும்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களும் இதனால்தான் இருட்டிலேயே வெளிக்கிடுகிறார்கள். அங்கே உலகமுடிவு (World's End) என்ற மலைவிளிம்பில் கிட்டத்தட்ட 880 மீட்டர் செங்குத்தான பள்ளம். பத்து மணிக்குப் பிறகு போனால் வெள்ளைத்திரைதான். பொலித்தீனை வாசலில் சோதித்து எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். மரைகள் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்றும் கொடுக்காதீர்கள்.

தேயிலைக்குள் நடக்கும்போது அட்டை ஏறும். பிடுங்கி எறிய வேண்டாம். நகத்தை வாய்ப்பக்கம் வைத்துத் தள்ளிவிட்டுச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை. காற்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டு, சொக்ஸுக்குச் சவர்க்காரமோ சித்தாலேபவோ பூசினால் பாதி தொல்லை குறையும். ஆடி, ஆவணியில் ஊவாப் பக்கத்துப் பற்றைகளும் புல்வெளியும் எரியக் காத்திருக்கும். வெளியே நெருப்பு மூட்டவேண்டாம், சிகரெட் துண்டைக்கூட எறியவேண்டாம்.

நீங்களே சமைப்பதாக இருந்தால் ஒரு செய்தி: 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, வேகாது என்று அடுப்பைக் கூட்டிப் பயனில்லை. முன்னேற்பாடாக இரவே ஊறப் போடுங்கள், அல்லது பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள்.

அங்குள்ள மனிதர்கள்

பங்களாவில் சமைப்பவர், தோட்டம் பார்ப்பவர், ஜீப் ஓட்டுபவர் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள். அவர்கள் நம்மை "சேர்", "ஐயா" என்பார்கள். நாம் பதிலுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், வயதைப் பார்த்து அண்ணன், அக்கா, தம்பி என்று கூப்பிட்டால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். நம் "தேத்தண்ணி" அவர்களுக்குச் சிரிப்பு, "கா" போட்டுப் பேசினால் இன்னும் சிரிப்பு. நீங்கள் தங்குவது தொரை இருந்த வீட்டில். அவர்களில் பலர் போய்ப் படுப்பது கீழேயுள்ள லயத்தில். இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி கேட்டு எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கொழுந்து எடுக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் அப்படித்தான். அவர்கள் வேலையில் நிற்கிறார்கள், நாளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கோடு.

கைக்காசு கொடுப்பதாக இருந்தால் கிளம்பும்போது நேரடியாக அவர்கள் கையில் கொடுங்கள். நாங்கள் போகும்போது ஒரு பொதி நெத்தலிக் கருவாடும் பனங்கட்டியும் கொண்டுபோவோம். காசைவிட அதுதான் நினைவில் நின்றது. அடுத்த வருடம் போன் எடுத்தபோது "கருவாட்டு ஐயாவா" என்று கேட்டார்கள்.

இறக்கம்

காலையில் சாப்பிட்டுவிட்டு ஒன்பதுக்குள் வெளிக்கிடுங்கள். இறக்கத்தில் முழுநேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குவது பழைய சாரதிகளின் கணக்கு. கருகிய மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறி வருகிற வாகனத்துக்கு வழிவிடவேண்டியது இறங்குகிறவர்தான்.

பிபிலையைத் தாண்டியதும் ஜக்கெட்டுகள் கழன்றுவிடும். மகாஓயா வெந்நீர்க் கிணற்றில் கால் நனைத்தாலும், பின்னேரம் நாலு மணிக்குள் அங்கிருந்து எழும்புங்கள். யானை உலாவும் துண்டின் மீதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்துகளை முற்றத்திலேயே கழற்றி உதறுங்கள். எங்கள் வீட்டில் ஓர் அட்டை ஓகியாவிலிருந்து கல்லடிவரை டிக்கெட் இல்லாமல் வந்து, இரவு பத்து மணிக்கு அம்மாவின் காலில் ஏறியது. சித்தாலேப பையின் அடியில் எங்கோ போய்விட்டது. கையில் அகப்பட்ட தேங்காயெண்ணெயை ஊற்றினார். அதற்குள் அது நன்றாக உருகியிருந்தது.